வாத்தியார் மாமாவை மறக்காமல் வைத்துக்கொள்வது எப்படி

எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எட்டாம் வகுப்பிலிருந்து பத்து வரை எனக்குக் கணக்கு எடுத்தவரும் அவர்தான். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பெரிதான பிறகு, ஞாயிறு காலையில், பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் கரையில் கூட நடந்துகொண்டே, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் கேட்டுக்கொண்ட சிநேகிதரும் அவர்தான். பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே 'சார்', வெளியே வந்துவிட்டால் 'மாமா' என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பழகியவள் நான். போன வருஷம் ஆவணியில், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இறந்துபோனார்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஒரம்பரையெல்லாம், வந்திருந்த சொந்தக்காரர்களெல்லாம், கிளம்பியதும் வீடு வெறிச்சோடிப் போனது. அன்று ராத்திரி எனக்கு ஒரே ஒரு பயம்தான் வந்தது. இவரை நான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுவேன். முகம் மறக்காது, போட்டோ இருக்கிறது. ஆனால் சாக்பீஸை எப்படிப் பிடிப்பார், கோபம் வந்தால் முதலில் என்ன சொல்லுவார், மதகுக்குப் பக்கத்தில் ஏன் எப்போதும் ஒரு நிமிஷம் நிற்பார், இதெல்லாம் போய்விடும். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இறந்தபோது அப்படித்தான் ஆனது. இப்போது யோசித்தால் அவருடைய கைத்தடியும் துண்டும் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அதனால் இந்த ஒரு வருஷமாக மாமாவைச் சேர்த்து வைக்கும் வேலையைச் செய்து வருகிறேன். சில விஷயங்களைச் சரியான நேரத்தில் செய்தேன். சிலதைத் தாமதித்து இழந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் சமீபத்தில் போயிருந்தால், நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபோன்

அழுது முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், ஃபோனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். துணிமணி பத்து வருஷம் கழித்தும் பீரோவில் இருக்கும். குரல் இருக்காது.

மாமாவின் ஃபோனை எங்களுக்குத் திறக்கத் தெரியவில்லை. அவசரப்பட்டு டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். மறுநாள் திறந்து கொடுத்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, புதுசு மாதிரி இருந்தது. அழித்தால்தான் திறக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து வங்கி வேலையாகப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார், மாமாவின் ஏ.டி.எம். ரகசிய எண் 1729 என்று. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. 1729 என்றால் ராமானுஜன் எண். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தாலும் அதுதான், 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் அதுதான். எங்கள் வகுப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லியிருப்பார். ஃபோனுக்கும் அதே எண்தான் வைத்திருப்பார். கடையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த எண் எது என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் யோசியுங்கள். ஆனால் கண்டபடி அழுத்திப் பார்க்காதீர்கள், தப்பு அதிகமானால் பூட்டிக்கொள்ளும்.

அவர் ஃபோன் போனாலும், அவர் அனுப்பியது உங்கள் ஃபோனில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அவருடைய பெயருக்குள் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி 'More' என்பதற்குள் போனால் 'எக்ஸ்போர்ட் சாட்' என்று வரும். 'மீடியாவோடு' என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். குரல் பதிவுகள் ஃபைல் மேனேஜரில் 'வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டரில் தனியாகவும் இருக்கும், பெயரிலேயே தேதி இருப்பதால் தேடுவது சுலபம். ஒரு பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று, வீட்டில் இன்னொருவர் ஃபோனில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள்.

எனக்கு 41 குரல் பதிவுகள் கிடைத்தன. பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத விஷயம்தான். ஒன்றில், "கண்ணு, தண்ணி தொறந்துட்டாங்களாமா. சத்தியமங்கலத்தத் தாண்டிருச்சாம். ஞாயித்துக்கெழம கரைல போலாம், செருப்பு வேண்டாம்" என்கிறார். பின்னால் அத்தை குக்கர் விசில் சத்தம். இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். நல்ல உபதேசமாகப் பேசிய பதிவும் இருக்கிறது, அதை இரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை. எனவே எது முக்கியம் என்று இப்போதே முடிவு செய்து சிலதை அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சிம் கார்டை 90 நாள் உபயோகிக்காமல் விட்டால் முடங்கிவிடும், பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். 120 நாள் யாரும் திறக்காத வாட்ஸ்அப் கணக்கு அழிந்துவிடும். கூகுள் கணக்கு இரண்டு வருஷம் தொடாமல் கிடந்தால் படங்களோடு சேர்த்து நீக்கப்படலாம். ஒருநாள் அத்தை பழக்கத்தில் அந்த எண்ணைக் கூப்பிட்டு, யாரோ ஒரு அந்நியர் எடுத்துப் பேசினால் எப்படி இருக்கும்? இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டுபோய் எண்ணை வீட்டில் ஒருவர் பெயருக்கு மாற்றி, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யுங்கள். ஓய்வூதியம், வங்கி என்று எல்லா ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும், அதற்கும் ஆச்சு.

நல்லவர் என்று எழுதாதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் நாள் எழுதியதை இப்போது படித்தால் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதியது போல இருக்கிறது. அன்பானவர், எளிமையானவர், எல்லோருக்கும் உதவுவார். எங்கள் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றிலும் இதேதான் இருக்கும். உண்மைதான், ஆனால் இதில் மாமா இல்லை.

மறுநாள் வேறு மாதிரி எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு காரியம். அதில் அவர் கையில் என்ன இருந்தது, எங்கே நின்றார், என்ன சொன்னார், அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு பக்கம்:

'ஒன்பதாம் வகுப்பு. ஆகஸ்ட் மாதம். சாக்பீஸை நடுவிலே உடைத்து, நீளமான துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குட்டைத் துண்டால் எழுதுகிறார். பவானிசாகர் அணை 105 அடி. நிறைந்தால் 32.8 டி.எம்.சி. தண்ணீர். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. நம்ம வாய்க்காலில் நொடிக்கு 2,300 கன அடி விடுகிறார்கள். மழை இல்லை, அணைக்கு வரத்தும் இல்லை, வேறு எங்கேயும் தண்ணீர் விடவும் இல்லை. எத்தனை நாளைக்கு வரும்? கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறார். நான் முதலில் முடித்து 165 நாள் சார் என்கிறேன். திரும்பிப் பார்க்காமல், மீதி? என்கிறார்.'

அந்த 'மீதி?' தான் அவர். வகுத்துப் பார்த்தால் 165 நாள் போகக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எல்லோரும் அதை விட்டுவிடுவார்கள். அவர் விடமாட்டார். வீட்டில் வந்து பரீட்சையில் 96 வாங்கினேன் என்றால் அதற்கும் அதே கேள்விதான். ஆனால் அது அதட்டலாக இருக்காது, என்ன ஆச்சு அந்த நாலுக்கு என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுவார். விடையை மட்டும் எழுதி வைத்தால், "விடை கெடக்குது கண்ணு, உன்ர வழிய எழுது" என்பார். அதனால்தான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் நான் இன்றைக்கும் கூட்டல் தொகைக்குப் பக்கத்தில் எப்படி வந்தது என்று பென்சிலில் குறித்து வைக்கிறேன்.

ஞாபகம் வரிசையாக வராது. வரும்போது வரட்டும். அடுப்படியில் நிற்கும்போது வந்தால் காலண்டர் தாளின் பின்னால் இரண்டு வார்த்தை கிறுக்கி வைத்து, ராத்திரி நோட்டில் எழுதலாம். முதல் மூன்று மாதம் தினம் ஒன்று வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இப்போது மழை பெய்தால், யாராவது வெல்லம் காய்ச்சினால், அப்படி ஏதாவது வாசனையில் ஒன்று வருகிறது. அதனால்தான் சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்கிறேன்.

மனத்தாங்கலையும் எழுதுங்கள். நான் பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவு எடுக்கவில்லை என்று மாமா ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதை விட்டுவிட்டால், பிறகு அவராகவே சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "ஏங்கண்ணு, மோர் இருக்குதா?" என்று கேட்டதும் இல்லாமல் போய்விடும்.

மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது

நமக்குத் தெரிந்த மாமா ஒரு பங்குதான். முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவர், அவரிடம் படித்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இருக்கிறார்கள், ஈரோடு மஞ்சள் மண்டியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "சார் எப்படிப்பட்டவருங்க?" என்று கேட்டால் "தங்கமான மனுசனுங்க" என்பார்கள். கண் கலங்கும். அதோடு முடிந்துவிடும். நான் முதல் ஏழெட்டுப் பேரிடம் இப்படிக் கேட்டு ஒன்றும் பெறாமல் திரும்பினேன்.

கேள்வியை மாற்றினேன். "அவரைக் கடைசியா எங்க பாத்தீங்க?" "அவர்கிட்ட அடி வாங்கிருக்கீங்களா?" "உங்களுக்குன்னு அவர் ஏதாச்சும் வாங்கித் தந்தாரா?" இப்படிக் கேட்டால் ஆள் ஒரு இடத்துக்குப் போய் நின்றுவிடுவார், அங்கிருந்து பேச்சு தானாக வரும். பேசும்போது நடுவில் அமைதியானால் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். ஃபோனில் பதிவு செய்வதென்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஃபோனைப் பார்த்தால் மேடையில் பேசுவது போலப் பேசுவார்கள், அதனால் நான் பெரும்பாலும் கேட்டுவிட்டு வந்து, அன்றைக்கே அவர்கள் பேச்சிலேயே எழுதிவிடுவேன்.

ஊருக்குள் பஞ்சர் கடை வைத்திருப்பவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சார் காத்தடிக்க வருவாருங்க. நான் ஒம்பதாவதோட நின்னுட்டேன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங். எல்லாரும் ஏண்டா நின்னேன்னுதான் கேப்பாங்க. சார் கேக்கவே இல்லீங். ஒருநா சைக்கிளு 26 இஞ்ச் வீலுடா, ஒரு சுத்து சுத்துனா எவ்வளவு தூரம் போகும்னாருங்க. தெரியாதுங்க சார்னேன். சாக்பீஸ எடுத்து டயர்ல ஒரு கோடு, ரோட்ல ஒரு கோடு போட்டாருங்க. உருட்டுனோம். டேப்பப் புடிச்சா ஆறேமுக்கா அடிக்குக் கொஞ்சம் மேல வந்துச்சுங். 26-அ எத்தனையால பெருக்குனா இது வரும், மூணா, மூணேகாலா, அதுக்கு நடுவுல ஒரு எண்ணு ஒளிஞ்சுக்கிட்டிருக்குது, புடின்னாருங்க. அரைமணி நேரம் ஆச்சுங். கடைக்கு வந்த ஆளெல்லாம் நின்னு பாக்குது. நான் புடிச்சுட்டனுங்."

அவர் சொல்லிக்கொண்டே எழுந்து போய், ஒரு பழைய வீலை எடுத்துச் சிமெண்டுத் தரையில் உருட்டிக் காட்டினார். கடைசிவரை அந்த வீலை விற்கவில்லையாம். மாமா இதை ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தாளும் படமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய போட்டோவைப் பகலில், வெயில் நேராகப் படாத திண்ணையில் வைத்து, ஃப்ளாஷ் போடாமல் நேர் மேலிருந்து ஃபோனில் எடுத்தாலே நன்றாக வரும். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், அது திரும்பப் பிரியாது. படத்தின் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று பென்சிலில் மெதுவாக எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். அத்தை, சின்ன அப்பாரு என்று வயதானவர்கள் இருக்கும்போதே இந்தப் பெயரெழுதும் வேலையை முடியுங்கள். எங்கள் வீட்டில் 1978-இல் எடுத்த ஒரு பள்ளிக்கூடப் படத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் தோளில் கைபோட்டு நிற்கும் பையன் யாரென்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

நோட்டுப் புத்தகங்களை மரப் பீரோவின் அடித்தட்டில் வைக்க வேண்டாம், ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் வரும். நடுத்தட்டில் வைத்து, ஒரு துணியில் வசம்பைத் தட்டி முடிந்து போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

சட்டை, வேட்டி, புத்தகம் எதையும் முதல் மாதத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள். அவசரத்தில் கொடுத்துவிட்டு அத்தை அந்த நீலக்கோடு துண்டைத் தேடினார். ஒரு சட்டையைத் துவைக்காமல் ஒரு கவரில் கட்டி வைத்திருக்கிறோம். மீதியைக் கொடுத்தாயிற்று. கணக்குப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள், ஓரத்தில் அவர் எழுதியிருப்பார்.

எழுதக் கூடாதது

மாமாவின் நோட்டுகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் முதலெழுத்து, ஒரு தொகை, ஒரு தேதி. 'ம. 350. பரீட்சை பீஸ்.' 'செ. 1,200. பஸ் பாஸ், செருப்பு.' இப்படி இருபத்திரண்டு வருஷம். ஒரு இடத்திலும் திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் கூட்டல் போட்டிருந்தார், பக்கத்தில் வழியும் எழுதியிருந்தார்.

இதை என்ன செய்வது என்று அத்தையும் நானும் ஒரு மாதம் பேசினோம். ஊருக்குச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. மாமாவின் பெருமை தெரியுமே. ஆனால் அந்த முதலெழுத்துகளில் பாதியை எங்களால் யாரென்று கண்டுபிடித்துவிட முடியும், ஊராலும் முடியும். இன்றைக்குப் பெரிய கடை வைத்து மரியாதையாக இருப்பவர், தன் செருப்புக்கு வாத்தியார் காசு கொடுத்தார் என்பதைத் தானாகச் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. மாமா முழுப் பெயரை எழுதாமல் விட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நோட்டு அத்தையின் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் கையிலும் இப்படி ஏதாவது கிடைத்தால், அவர் உயிரோடு இருந்தால் இதை வெளியே சொல்லியிருப்பாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தானாக வந்து சொன்னவர்கள் நாலு பேர். அவர்கள் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி நோட்டில் சேர்த்தேன்.

எந்த நாள், என்ன செய்வது

சடங்கு உரிமை மாமாவின் மகனுக்கும் பங்காளிகளுக்கும். பவானிக் கூடுதுறையில்தான் அஸ்தி கரைத்தோம், பவானியும் காவிரியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடுகிற இடம். தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் மச்சான் அங்கே போய்த் திதி கொடுக்கிறார். ஆடி அமாவாசையில் கூட்டம் தாங்காது, விடிவதற்கு முன்னால் போய்விடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் படித்துறைப் பாசியில் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

நான் வைத்துக்கொண்ட நாள் வேறு. டிசம்பர் 22. ராமானுஜன் 1887-இல் அந்த நாளில் ஈரோட்டில், அவருடைய அம்மா பிறந்த வீட்டில்தான் பிறந்தார். 2012-இலிருந்து அதைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறார்கள். "பாரு கண்ணு, உன்னையாட்டவே அவரும் அப்புச்சி ஊட்டுல பொறந்தவரு" என்று மாமா வருஷா வருஷம் சொல்லுவார். இறந்த நாளை மட்டுமே பிடித்துக்கொண்டால் அவருடைய கடைசி வாரம்தான் திரும்பத் திரும்ப வரும், ஆஸ்பத்திரி வாசனையோடு. அவர் சந்தோஷமாக இருந்த ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சந்தகை செய்தோம். புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூட்டோடு சந்தகை மிஷினில் போட்டு அழுத்த வேண்டும். ஆறினால் இறங்காது. அழுத்துவது எப்போதும் மாமாவின் வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியை இறக்குவார், கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும், யாராவது தள்ளிவிட வேண்டும். அன்றைக்கு அத்தை மிஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு யாரும் வராமல் நின்றுகொண்டிருந்தார். என் மகன் எழுந்து போய் அழுத்தினான். அவனுக்கும் கண்ணாடி இறங்கியது. அத்தைதான் தள்ளிவிட்டார். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டோம். முதலில் ஒரு இலையைப் படத்துக்கு முன்னால் வைத்தோம், அப்புறம் அந்த இலையையும் பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பரிசு வைப்பதென்றால்

பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு லட்சம் திரட்டினார்கள். சிலை, வளைவு, பெரிய பேனர் என்றெல்லாம் பேச்சு வந்தது. பேனர் இரண்டு மாத வெயிலில் வெளுத்துவிடும் என்று அத்தை சொன்ன பிறகு எல்லோரும் அடங்கினார்கள். முதலைத் தொடாமல் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டால், 7 சதவீத வட்டிக்கு வருஷம் 7,000 ரூபாய் வரும். அதுவே போதும். அரசுப் பள்ளியாக இருந்தால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முதலில் பேசுங்கள், தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் அடுத்த தலைமை ஆசிரியர் வரும்போது நின்றுவிடும். அரசுப் பள்ளிக்கு நன்கொடை கொடுக்க 2022-இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் இருக்கிறது.

யாருக்குப் பரிசு என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். முதல் மதிப்பெண் வாங்குகிறவருக்கு ஏற்கெனவே நிறையப் பரிசு இருக்கிறது. மாமாவின் பெயரில் கொடுப்பது, காலாண்டுக்கும் முழு ஆண்டுக்கும் நடுவில் கணக்கில் அதிக மதிப்பெண் ஏற்றிய பிள்ளைக்கு. 18-இலிருந்து 51 வந்த பையன்தான் இந்த முறை வாங்கினான். அவனுடைய அப்பா கரும்பு வெட்டப் போகிற ஆள், வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்ததில் ஒன்று

எல்லாவற்றையும் சேர்த்து வைத்தும் எனக்கு ஏதோ குறைந்தது. நோட்டு நிறைந்துகொண்டே வந்தது, ஆனால் அது பீரோவுக்குள் போய்விடுகிறதே என்று இருந்தது. மாமா சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அவர் போன பிறகு திண்ணை காலியாகக் கிடந்தது. எனக்கு அவரளவு கணக்கு தெரியாது. பத்தாம் வகுப்பு வரை ஒப்பேற்றுவேன். தை மாதம் ஆரம்பித்தேன்.

நீங்கள் எடுப்பது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. என் தங்கை, மாமா தினமும் தண்ணீர் ஊற்றிய வேப்பங்கன்றை எடுத்துக்கொண்டாள். மச்சான், மாமாவைப் போலவே மாதம் ஒருமுறை பழைய வாத்தியார் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நிறுத்தாமல் செய்யக்கூடியதாக எடுங்கள். நான் முதலில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்று ஆரம்பித்து மூன்றாம் வாரமே முடியாமல் போனது. சனிக்கிழமை மட்டும் என்று குறைத்த பிறகு ஒரு வாரமும் விடவில்லை.

போன வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அன்று ஐந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாமாவின் அணைக் கணக்கையே போட்டேன். 32.8 டி.எம்.சி., நொடிக்கு 2,300 கன அடி. ஒரு நாளைக்கு 86,400 நொடி என்று ஒருவன் கத்தினான். ஒரு நாளைக்கு 19 கோடியே 87 லட்சத்து 20 ஆயிரம் கன அடி என்று பெருக்கி எழுதினார்கள். 165 நாள் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், ஓரத்தில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் நோட்டை விட்டுத் தலையைத் தூக்காமல், "இருங்கக்கா, இன்னும் ஒரு கோடியே 12 லட்சம் மிச்சமிருக்குது" என்றாள்.

அதை 2,300-ஆல் வகுத்துக்கொண்டிருந்தாள். அத்தை உள்ளே இருந்து வந்து நிலைப்படியில் நின்றார். ஒரு மணி 21 நிமிஷத்துக்கு வரும் என்று அவள் சொல்லி முடிக்கும் வரை யாரும் பேசவில்லை. வழியையும் எழுதியிருந்தாள்.